பாட்டுக்கு ஒரு பத்தாயம்!

வீட்டில் உள்ள பாட்டுகளை எல்லாம் ஒரே பெட்டியில் சேர்ப்பது எப்படி? எந்தப் பெட்டி நல்லது? வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

ஸ்ரீபெரும்புதூர், ராமானுஜர் பிறந்த ஊர். இன்று அது தொழிற்சாலைகளின் ஊர். பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிறார்கள். ஒரகடத்தில் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்கிறார்கள். சுங்குவார்சத்திரம் பக்கத்தில் செல்போன் செய்கிறார்கள்.

2006-ஆம் ஆண்டில் இங்கே நோக்கியா கம்பெனியின் செல்போன் தொழிற்சாலை தொடங்கியது. அங்கு செய்த போன்கள் உலகம் எங்கும் போயின. நம் ஊர்க்காரர்கள் அந்தப் போனில் பேசியது பாதி. பாட்டுக் கேட்டது பாதி! 2014-ஆம் ஆண்டு நவம்பரில் தொழிற்சாலை மூடப்பட்டது. தொழிற்சாலை போயிற்று. போனும் பழசாயிற்று. அதில் ஏற்றி வைத்த பாட்டுகள் எங்கே?

பல வீடுகளில் அவை இன்னும் இருக்கின்றன. நகம் அளவு மெமரி கார்டு ஒன்று, மேசை டிராயரில் ஊக்கோடும் பித்தானோடும் கிடக்கும். பரண் மேல் கேசட்டுகள் இருக்கும். பீரோவில் நாலைந்து சி.டி.க்கள் இருக்கும். மகனுடைய பென் டிரைவில் கொஞ்சம், அப்பாவின் போனில் கொஞ்சம் இருக்கும். ஒரு குடும்பத்தின் பாட்டு, பத்து இடத்தில் சிதறிக் கிடக்கிறது.

அதை ஒன்று சேர்க்க ஒரு வழி உண்டு. அதைப் பற்றித்தான் இன்றைய கட்டுரை.

பாட்டுக்கா பஞ்சம்?

"போனைத் தட்டினால் கோடிப் பாட்டு வருகிறதே! இதற்கு எதற்குத் தனிப் பெட்டி?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

போனில் வரும் பாட்டு வாடகைப் பாட்டு. வீட்டுக்காரர் கதவைச் சாத்தினால், வாடகைக்கு இருப்பவர் வெளியேதான் நிற்க வேண்டும். 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் 'ரெஸ்ஸோ' என்ற பாட்டுச் சேவை இந்தியாவில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் ஏர்டெல் கம்பெனி தன்னுடைய 'விங்க்' பாட்டுச் சேவையை மூடுவதாக அறிவித்தது. அதில் பார்த்துப் பார்த்து அடுக்கி வைத்த பட்டியலை மக்கள் மறுபடி வேறு இடத்தில் அடுக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் 'மைஸ்பேஸ்' என்று ஓர் இணையதளம். ஊர் பேர் தெரியாத பாடகர்கள் எல்லாம் தங்கள் பாட்டை அதில் ஏற்றி வைத்தார்கள். ஓர் இயந்திரத்தில் இருந்து இன்னோர் இயந்திரத்துக்கு மாற்றும்போது, 2003 முதல் 2015 வரை ஏற்றிய பாட்டுகள் அழிந்துபோயின. 2019-ஆம் ஆண்டில் இந்தச் செய்தி உலகத்துக்குத் தெரிந்தது. அழிந்தவை சுமார் 5 கோடிப் பாட்டுகள் என்று பத்திரிகைகள் எழுதின. பலர் சொந்தப் பிரதி ஒன்று வைத்துக்கொள்ளவில்லை. பெரிய கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தார்கள்!

சினிமாப் பாட்டுத் தொலைந்தால் வேறு எங்காவது கிடைக்கும். கிடைக்காத பாட்டு ஒன்று உண்டு. அது உங்கள் பாட்டி பாடிய தாலாட்டு. கல்யாணத்தன்று அத்தை பாடிய நலங்குப் பாட்டு. மாமா டேப் ரிக்கார்டரில் பதிந்து வைத்த அப்பாவின் குரல். அதை எந்தக் கம்பெனியும் விற்பது இல்லை. அது உங்கள் பரண் மேல் இருக்கும் அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது.

கேசட்டை 1963-ஆம் ஆண்டில் பிலிப்ஸ் கம்பெனி உலகத்துக்குக் காட்டியது. பிளாஸ்டிக் நாடாவில் காந்தப் பொடி பூசியதுதான் கேசட். பொடி உதிரும். நாடா சுருங்கும். ஈரத்தில் வெள்ளையாகப் பூசணம் பிடிக்கும். நாள் ஆக ஆக, குரல் மங்கிக்கொண்டே போகும். இதற்குத்தான் அவசரம்!

'நாஸ்' என்றால் என்ன?

வயலில் விளைந்த நெல்லை வீட்டில் பத்தாயத்தில் கொட்டி வைப்போம். சில ஊரில் குதிர் என்பார்கள். யாருக்கு எப்போது வேண்டுமோ, அப்போது வந்து அளந்து கொள்வார்கள். பாட்டுக்கும் அப்படி ஒரு பத்தாயம் இருக்கிறது. கடைக்காரர் அதை 'நாஸ்' என்பார்.

அது ஒரு சின்னப் பெட்டி. உள்ளே ஹார்டு டிஸ்க் இருக்கும். வீட்டில் வை-பை தரும் ரூட்டர் இருக்கிறது அல்லவா? அதோடு இந்தப் பெட்டியை ஒரு வயரால் சேர்த்து விடுவார்கள். அவ்வளவுதான். அதன் பிறகு வீட்டில் உள்ள போன், டி.வி., ஸ்பீக்கர் எல்லாம் அந்தப் பெட்டியில் இருந்து பாட்டு எடுக்கும்.

ஒரகடத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பா ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து, காதில் மாட்டிக்கொண்டு பழைய பாட்டுக் கேட்கிறார். அம்மா சமையல் அறையில் கந்த சஷ்டி கவசம் கேட்கிறார். பையன் மாடியில் புதுப் படப் பாட்டுக் கேட்கிறான். மூன்று பேருக்கும் மூன்று பாட்டு, பெட்டி ஒன்றுதான்! ஒருவருக்கு ஒருவர் இடைஞ்சல் இல்லை. ஷிப்ட் மாறி மாறி வரும் வீட்டுக்கு இது பெரிய சௌகரியம்.

இன்னொன்றும் கவனியுங்கள். பாட்டு வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது. ஆகவே நீங்கள் காசு கொடுத்து வாங்கிய 'டேட்டா' குறையாது. வெளியே இணைப்பு அறுந்து போனாலும், வீட்டுக்குள் பாட்டு நிற்காது.

சென்னை மியூசிக் அகாடமியில் பெரிய வித்வான்களின் கச்சேரிகளைச் சேர்த்து, ஒரு மின்னணுக் காப்பகம் அமைத்தார்கள். ரசிகர்கள் திரையைத் தொட்டு, வேண்டிய கச்சேரியைத் தேர்ந்து, காதில் மாட்டிக் கேட்கலாம். கிடங்கு ஒன்று, கேட்பவர் பலர். அதே ஏற்பாட்டின் சின்ன உருவம்தான் நம் வீட்டுப் பெட்டி.

எவ்வளவு இடம் வேண்டும்?

கடைக்குப் போனால் "4 டி.பி. வாங்குங்கள், 8 டி.பி. வாங்குங்கள்" என்பார்கள். பயப்படாதீர்கள். இதோ கணக்கு.

செல்போன் ரீசார்ஜ் செய்யும்போது ஜி.பி. என்கிறோமே, அதே ஜி.பி.தான் இங்கும் அளவு. 1,000 எம்.பி. சேர்ந்தால் ஒரு ஜி.பி. 1,000 ஜி.பி. சேர்ந்தால் ஒரு டி.பி. நாழி, படி, மரக்கால் மாதிரி!

சி.டி.யில் உள்ள 4 நிமிடப் பாட்டு ஒன்று, சுமார் 42 எம்.பி. இடம் பிடிக்கும். அதை ஒலி கொஞ்சமும் குறையாமல் மடித்து வைக்க ஒரு முறை உண்டு. அதன் பெயர் 'பிளாக்'. அப்படி மடித்தால் ஏறக்குறைய 25 எம்.பி. ஆகும். 'எம்.பி.3' என்பது இன்னொரு முறை. அது காதுக்கு எளிதில் தெரியாத சில ஒலிகளை விட்டுவிட்டுச் சுருக்கும். அதில் நல்ல தரமாக வைத்தால் சுமார் 10 எம்.பி. தரம் குறைத்தால் 4 எம்.பி.

ஒருமுறை விட்டுவிட்ட ஒலி திரும்பி வராது. ஆகவே சி.டி.யையும் கேசட்டையும் 'பிளாக்' முறையில் வையுங்கள். ஏற்கெனவே எம்.பி.3-ஆக இருப்பதை அப்படியே வைத்தால் போதும். அதை 'பிளாக்' ஆக்கினால் இடம்தான் வீண், ஒலி கூடாது.

3,000 பாட்டுகளை 'பிளாக்' முறையில் வைத்தால் 75 ஜி.பி. ஒரு மணி நேரக் கேசட்டுகள் 40 இருந்தால், அதற்கு 16 ஜி.பி. என்று போடுங்கள். மொத்தம் 91 ஜி.பி. ஒரு டி.பி.யில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! பாட்டுக்கு மட்டும் என்றால் ஒரு டி.பி. தாராளம். கல்யாண வீடியோவும் போட்டோவும் சேர்த்து வைப்பதானால் 2 அல்லது 4 டி.பி. வாங்கலாம்.

1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனி, முதல் ஹார்டு டிஸ்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு அடி அகலத்தில் 50 தட்டுகள். எடை ஏறக்குறைய ஒரு டன். அதில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகள். இன்றைய கணக்கில் பார்த்தால், தரம் குறைத்த சினிமாப் பாட்டு ஒன்றே ஒன்றுக்குத்தான் அதில் இடம்! இன்று உள்ளங்கை அளவுப் பெட்டியில் ஆயிரக்கணக்கான பாட்டுகள் அடங்குகின்றன.

வேகத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்

"இது ரொம்ப வேகமான பெட்டி" என்று கடைக்காரர் கூடுதல் விலை சொல்லலாம். பாட்டுக்கு அந்த வேகம் தேவை இல்லை.

சி.டி. தரத்தில் ஒரு பாட்டு ஓட, வினாடிக்கு 14 லட்சம் 'பிட்' போனால் போதும். மூன்று பேர் கேட்டால் 42 லட்சம். சாதாரண 100 மெகாபிட் வயரில் வினாடிக்கு 10 கோடி போகும். மாட்டு வண்டி போகும் பாதைக்கு எட்டு வழிச் சாலை எதற்கு?

வயரில் மட்டும் சோம்பல் வேண்டாம். பெட்டியில் இருந்து ரூட்டருக்கு வயர் போட்டே இணையுங்கள். போனுக்கும் ஸ்பீக்கருக்கும் வை-பை போதும். கான்கிரீட் சுவர் இரண்டு தாண்டினால் வை-பை மெலியும். ரூட்டரை வீட்டின் நடுவில் வைத்தால் பாட்டு விட்டு விட்டு வராது.

மூன்று வகைப் பெட்டி

முதல் வகை, இருப்பதை வைத்துச் சமாளிப்பது. பல ரூட்டர்களின் பின்புறம் யு.எஸ்.பி. ஓட்டை இருக்கும். அதில் ஒரு ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் வீடு முழுவதும் பாட்டு வரும். செலவு குறைவு. உங்கள் ரூட்டர் இதைச் செய்யுமா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது வகை, பழைய கம்ப்யூட்டர் அல்லது 'ராஸ்பெரி பை' போன்ற சின்னக் கம்ப்யூட்டர். 'ஜெல்லிபின்', 'நாவிட்ரோம்' என்ற புரோகிராம்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை ஏற்றினால் அதுவே பாட்டுப் பெட்டி. ஐ.டி.ஐ., டிப்ளமா படித்த பிள்ளை வீட்டில் இருந்தால், விடுமுறை நாளில் செய்துவிடுவான். யாரும் இல்லை என்றால் இந்த வகை தலைவலி.

மூன்றாவது வகை, இதற்கென்றே செய்த 'நாஸ்' பெட்டி. சினாலஜி, கியூநாப் போன்ற கம்பெனிகள் செய்கின்றன. விலை அதிகம், தொந்தரவு குறைவு. விலை கேட்கும்போது, "டிஸ்க் உள்ளே இருக்கிறதா?" என்று கட்டாயம் கேளுங்கள். பெரும்பாலும் பெட்டி தனி விலை, டிஸ்க் தனி விலை!

கரண்டுக் கணக்கையும் பாருங்கள். இந்தப் பெட்டி இரவு பகலாக ஓடும். 20 வாட் பெட்டி, இரண்டு மாதத்தில் சுமார் 29 யூனிட் எடுக்கும். 60 வாட் எடுக்கும் பழைய கம்ப்யூட்டர் 86 யூனிட் எடுக்கும். சும்மா கிடைத்த கம்ப்யூட்டர் என்று ஓட்டினால், அதன் விலையைக் கரண்டுப் பில்லில் கட்ட வேண்டி வரும்.

டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்றுச் சுற்றும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் பதிவு கெடலாம். சின்ன யு.பி.எஸ். ஒன்று சேர்த்து வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டர் சில சமயம் மாறுவதற்கு ஒரு கணம் எடுக்கும். அந்த ஒரு கணம் போதும், பெட்டி அணைந்து எழ!

விதைநெல்லைத் தனியாக வை!

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மற்றதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

எந்த ஹார்டு டிஸ்க்கும் ஒருநாள் சாகும். நல்ல கம்பெனி, கெட்ட கம்பெனி என்று இல்லை. "இரண்டு டிஸ்க் போட்ட பெட்டி வாங்குங்கள். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் தானாக எழுதப்படும்" என்பார்கள். உண்மைதான். ஒரு டிஸ்க் செத்தால் மற்றது காப்பாற்றும்.

ஆனால் குழந்தை தெரியாமல் பாட்டியின் குரலை அழித்தால், இரண்டிலும் சேர்ந்தே அழியும். பெட்டியைத் திருடன் தூக்கினால் இரண்டும் சேர்ந்தே போகும். வெள்ளம் வந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மறந்துவிட்டதா? செம்பரம்பாக்கம் ஏரி இங்கே பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த மழையில் முடிச்சூர் போன்ற ஊர்களில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு கட்டிலும் பீரோவும் மறுபடி வாங்கலாம். நனைந்த குரலை எந்தக் கடையில் வாங்குவது?

திருடன் வீட்டுக்குள் வராமலே திருடவும் முடியும். 2021-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரு கூட்டம், இணையம் வழியாகக் கியூநாப் பெட்டிகளுக்குள் புகுந்தது. உள்ளே இருந்ததைப் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்டது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனியின் 'மை புக் லைவ்' என்ற பழைய பெட்டிகளை யாரோ தூரத்தில் இருந்தே காலி செய்தார்கள். காலையில் எழுந்து பார்த்தவர்களுக்குப் பெட்டி இருந்தது; உள்ளே ஒன்றும் இல்லை! அந்தப் பெட்டிகளுக்கு 2015-க்குப் பிறகு கம்பெனி பாதுகாப்புத் திருத்தம் எதுவும் அனுப்பவில்லை.

ஆகவே பெட்டி வாங்கும்போது, "இதற்கு எத்தனை வருடம் திருத்தம் அனுப்புவீர்கள்?" என்று கேளுங்கள். பெட்டியோடு வரும் பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். வெளியில் இருந்து பெட்டியைத் திறக்கும் வழியை மூடியே வையுங்கள்.

"மகள் ஹாஸ்டலில் இருக்கிறாளே, அவளுக்குப் பாட்டு வேண்டாமா?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயம்தான். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு, 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் திறக்கப்பட்டது. எத்தனையோ ஊர்களில் இருந்து பெண்கள் இந்தப் பகுதிக்கு வந்து வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு எளிய வழி, லீவுக்கு வீட்டுக்கு வரும்போது வேண்டிய பாட்டைப் போனில் ஏற்றிக்கொண்டு போவதுதான். வாசலைத் திறந்து போட வேண்டியது இல்லை.

நம் பெரியவர்கள் விளைந்த நெல்லை எல்லாம் ஒரே பத்தாயத்தில் கொட்டுவது இல்லை. விதைநெல்லைத் தனியாகக் கோட்டை கட்டி வைப்பார்கள். பசி வந்தாலும் அதைத் தொட மாட்டார்கள். பாட்டுக்கும் அதே முறைதான். சாதாரண யு.எஸ்.பி. ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்குங்கள். பெட்டியில் உள்ளதை எல்லாம் அதில் பிரதி எடுங்கள். எடுத்த பிறகு வயரைப் பிடுங்கிவிடுங்கள். அதை அண்ணன் வீட்டிலோ மாமியார் வீட்டிலோ கொடுத்து வையுங்கள். பொங்கலுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை வாங்கிவந்து புதுப்பாட்டைச் சேருங்கள்.

கையில் பணம் குறைவா? விலை அதிகமான பெட்டி ஒன்று வாங்குவதைவிட, மலிவான பெட்டி ஒன்றும் தனி டிஸ்க் ஒன்றும் வாங்குங்கள். அதுதான் புத்திசாலித்தனம்.

எங்கே தொடங்குவது?

கேசட்டில் தொடங்குங்கள். சினிமாப் பாட்டுக் கேசட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வீட்டார் குரல் உள்ளதை முதலில் எடுங்கள். பூசணம் பிடித்திருந்தால் ஓட்டாதீர்கள், நாடா அறுந்துவிடும். விவரம் தெரிந்தவரிடம் சுத்தம் செய்யக் கொடுங்கள். நல்ல டேப் ரிக்கார்டரையும் கம்ப்யூட்டரையும் வயரால் இணையுங்கள். 'ஆடாசிட்டி' என்ற இலவசப் புரோகிராமில் பதியலாம். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். குறுக்கு வழி கிடையாது. வாரம் ஒரு கேசட் என்றால், வருடத்தில் 52 கேசட் முடிந்துவிடும்.

பதிந்ததும் பெயர் எழுதுங்கள். சி.டி.யில் இருந்து எடுத்தால் பல சமயம் 'டிராக் 1', 'டிராக் 2' என்றே வரும். பெயர் இல்லாத பாட்டு, முகவரி இல்லாத கடிதம். படம், பாடியவர், ஆண்டு எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். வீட்டார் குரல் என்றால், யார், எங்கே, எப்போது என்று எழுதுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். "இது யார் குரல்?" என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

கடைக்குப் போகும்போது இந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்:

1. பாட்டுக்கு ஒரு டி.பி. போதும், வீடியோ இருந்தால் 2 அல்லது 4.

2. டிஸ்க் விலை சேர்ந்ததா என்று கேட்கவும்.

3. எத்தனை வாட்? எவ்வளவு சத்தம்? தூங்கும் அறையில் வைக்க வேண்டாம்.

4. பாதுகாப்புத் திருத்தம் எத்தனை வருடம் வரும்?

5. உங்கள் டி.வி.யும் ஸ்பீக்கரும் இதில் இருந்து பாட்டு எடுக்குமா? தமிழ்ப் பெயர் சரியாகத் தெரியுமா? கடையிலேயே ஓட்டிப் பார்க்கவும்.

6. சின்ன யு.பி.எஸ். ஒன்று.

7. தனியாக ஒரு டிஸ்க். அது விதைநெல்!

இதில் ஆறையும் மறந்து ஏழாவதை மட்டும் வாங்கி வந்தாலும் குற்றம் இல்லை. பெட்டி அடுத்த போனசுக்கு வாங்கிக்கொள்ளலாம். பரண் மேல் உள்ள நாடா அதுவரை காத்திருக்காது. இந்த ஞாயிற்றுக்கிழமையே ஏணி போட்டு ஏறி, அந்தக் கேசட்டைக் கீழே இறக்குங்கள்.